275 பேருக்கு 44 மேனேஜர்: எது சரியான கணக்கு?

பின்னலூர்_எச்ஆர் கேட்கிறார்:

வணக்கம். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் எச்.ஆர். பார்க்கிறேன். ஆறு தையல் லைன், கட்டிங், செக்கிங், அயர்ன், பேக்கிங், ஆபீஸ் எல்லாம் சேர்த்து வேலை செய்கிறவர்கள் 275 பேர். அவர்களுக்கு மேலே சூப்பர்வைசர், இன்சார்ஜ், மேனேஜர் என்று ஏதாவது ஒரு பட்டத்தோடு இருப்பவர்கள் 44 பேர், நானும் அதில் ஒருவன். வகுத்துப் பார்த்தால் ஆறு பேருக்கு ஒருவர்.

போன வாரம் முதலாளி கோயம்புத்தூரில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். எட்டுப் பேருக்கு ஒரு மேனேஜர்தான் இருக்க வேண்டும், அதற்கு மேல் இருந்தால் தண்டச் சம்பளம் என்று அங்கே யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்ததும் என்னைக் கூப்பிட்டு "275-ஐ எட்டால வகு, 34 வருது, பத்துப் பேரைக் குறைச்சுடலாம், தீபாவளிக்கு முன்னாடி யார் யாருன்னு லிஸ்ட் குடு" என்கிறார். கம்பெனியில் மேனேஜர்கள் அதிகம் என்பது எனக்கும் தெரியும். மெர்ச்சண்டைசிங்கில் (பையரோடு, அதாவது ஆர்டர் கொடுப்பவரோடு, பேசி ஆர்டரைக் கவனிக்கிற பிரிவு) ஐந்து மேனேஜர்கள், அதில் மூன்று பேருக்குக் கீழே ஒரு ஆள் கூடக் கிடையாது. லைனில் ஒரு டெய்லருக்கு ஏதாவது பிரச்சினை என்றால் அசிஸ்டென்ட் சூப்பர்வைசர், சூப்பர்வைசர், ஃப்ளோர் இன்சார்ஜ், புரொடக்‌ஷன் மேனேஜர், ஃபேக்டரி மேனேஜர், ஏ.ஜி.எம்., ஜி.எம்., அப்புறம்தான் முதலாளி. நடுவில் ஏழு பேர். ஆனால் இந்த எட்டு என்கிற எண் எங்கிருந்து வந்தது, அது பனியன் கம்பெனிக்குப் பொருந்துமா, பொருந்தினாலும் பத்துப் பேரை எந்தக் கணக்கில் எடுப்பது என்று புரியவில்லை. இதைச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். "உங்கள் நிறுவனக் கலாசாரத்தைப் பொறுத்தது" என்கிற மாதிரிப் பதில் வேண்டாம், அதை நானே சொல்லிக்கொள்வேன்.

---

சும்மா_வந்தேன்:

44 பேரில் முதலாளியின் மகன், மச்சான், சித்தப்பா பையன் எத்தனை பேர் என்று முதலில் சொல்லுங்கள். அவர்களைக் கழித்துவிட்டு எட்டால் வகுப்போம்.

---

பின்னலூர்_எச்ஆர்:

இரண்டு பேர். அவர்களை லிஸ்டில் போட முடியாது என்பதைச் சொல்லவே வேண்டாம் 🙂

---

ஓஎம்ஆர்_ஓரம்:

நான் சாஃப்ட்வேர் ஆள், பனியன் தெரியாது. ஆனால் இந்த எண் எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு தெரியும், எங்கள் ஆபீஸிலும் இதே கூத்து நடந்திருக்கிறது.

ஒருவருக்குக் கீழே எத்தனை பேர் என்ற கேள்வி நூறு வருடத்துக்கு மேல் பழையது. 1920-களின் தொடக்கத்தில் இயன் ஹாமில்டன் என்ற பிரிட்டிஷ் தளபதி, மேல்மட்டத்தில் மூன்று பேர், கீழ்மட்டத்தில் ஆறு பேர் வரை ஒருவர் கவனிக்கலாம் என்று பட்டாளத்தை வைத்துச் சொன்னார். 1933-இல் கிரைகூனாஸ் என்பவர் அதற்கு ஒரு சூத்திரம் போட்டார். ஒரு மேலாளர் தன் ஆட்களோடு தனித்தனியாகப் பேச வேண்டும், கூட்டமாகப் பேச வேண்டும், அவர்களும் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள், இந்த உறவுகளையெல்லாம் எண்ணிப் பார்த்தால் நாலு பேருக்கு 44 வருகிறது, ஐந்து பேருக்கு 100, ஆறு பேருக்கு 222. ஒரே ஒரு ஆளைக் கூட்டினால் இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது. பார்க்க மிரட்டலாக இருக்கும், ஆனால் அது காகிதக் கணக்கு, எந்தத் தொழிற்சாலையிலும் போய் அளந்து எடுத்தது கிடையாது. அதே காலத்தில் எழுதிய லிண்டல் அர்விக் ஐந்து அல்லது ஆறு பேர் என்று சொன்னபோது ஒரு நிபந்தனை வைத்தார்: அந்த ஐந்தாறு பேருடைய வேலை ஒன்றோடொன்று பின்னிக்கிடக்க வேண்டும். அதை மறந்துவிட்டு எண்ணை மட்டும் எல்லோரும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். உங்கள் கருத்தரங்குக்காரர் சொன்ன எட்டும் இந்த மாதிரி எங்கேயோ இருந்து கழன்று வந்த எண்ணாகத்தான் இருக்கும்.

இப்போது ஏன் திடீரென்று எல்லா முதலாளிகளும் இதைப் பேசுகிறார்கள் என்றால், 2023-இல் மெட்டாவில் ஸக்கர்பெர்க், மேனேஜரை மேய்க்கும் மேனேஜரை மேய்க்கும் மேனேஜர் எனக்கு வேண்டாம் என்கிற ரீதியில் பேசினார். 2024 செப்டம்பரில் அமேசானின் ஆண்டி ஜாஸி, மேனேஜர்களோடு ஒப்பிட்டால் நேரடியாக வேலை செய்பவர்களின் விகிதம் 2025 மார்ச்சுக்குள் குறைந்தது 15 சதவீதம் உயர வேண்டும் என்று ஊழியர்களுக்கு எழுதினார். கவனியுங்கள், அவர் இத்தனை பேருக்கு ஒருவர் என்று ஓர் எண்ணைச் சொல்லவில்லை, இப்போது இருப்பதிலிருந்து இவ்வளவு மாற்று என்றார். அது வேறு விஷயம்.

மறுபக்கமும் உண்டு. கூகுளில் 2002 வாக்கில் லாரி பேஜ் இன்ஜினியரிங் மேனேஜர்களே வேண்டாம் என்று தூக்கிப் பார்த்தார். செலவுச் சீட்டு, இரண்டு பேருக்குள் சண்டை என்று எல்லாம் நேராக அவர் மேசைக்கே வர, சில மாதத்தில் பழையபடி ஆனது. பிறகு அதே கம்பெனி 2009 வாக்கில் தன் சொந்தத் தரவை வைத்து நல்ல மேனேஜர் இருந்தால் டீமில் வித்தியாசம் தெரிகிறது என்று ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தது. ஆகவே குறைத்தால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்க வேண்டாம்.

---

பழைய_பிஎம்:

தம்பி, மேலே ஓஎம்ஆர் சொன்ன வரலாறு சரி, ஆனால் உங்கள் முதலாளி அதைக் கேட்க மாட்டார். நான் கடைசி வரை புரொடக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவன், லைன் கணக்கில் சொல்கிறேன்.

சராசரி எடுத்ததுதான் முதல் தப்பு. ஒரு லைனில் எத்தனை பேர், இருபத்தெட்டு முப்பது இருக்குமா? அங்கே ஒரு சூப்பர்வைசர், ஒரு அசிஸ்டென்ட். பதினாலு பேருக்கு ஒருவர். இது உங்கள் முதலாளி கேட்கிற எட்டை விடவே சிக்கனம். அப்படியானால் ஆறுக்கு ஒன்று என்று எங்கே கெடுகிறது? மேலே. ஆறு சூப்பர்வைசருக்கு மூன்று ஃப்ளோர் இன்சார்ஜ் என்றால் இரண்டு பேருக்கு ஒருவர். ஜி.எம்.முக்குக் கீழே ஏ.ஜி.எம். ஒருவர், அவருக்குக் கீழே ஃபேக்டரி மேனேஜர் ஒருவர், அவருக்குக் கீழே புரொடக்‌ஷன் மேனேஜர் ஒருவர் என்று ஒற்றைச் சங்கிலியாக இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். ஒருவருக்குக் கீழே ஒரே ஒருவர் என்று எங்கெங்கே இருக்கிறதோ அங்கே பேனாவால் வட்டம் போடுங்கள். இரண்டு பேர் செய்கிற ஒரே வேலை அது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரிடம் கேட்டதை அப்படியே இன்னும் மேலே ஒப்பிப்பார்.

லைனில் கை வைத்துவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் ஆட்குறைப்பு என்றால் எல்லாக் கம்பெனியிலும் முதலில் போவது அசிஸ்டென்ட் சூப்பர்வைசர்தான். சம்பளம் குறைவு, எதிர்த்துப் பேச மாட்டான், முதலாளிக்கு முகம் தெரியாது. ஆனால் ஒரே ஸ்டைல் இருபதாயிரம் பீஸ் ஓடுகிற லைனும், மூவாயிரம் பீஸுக்கு ஒரு தரம் ஸ்டைல் மாறுகிற லைனும் ஒன்று கிடையாது. பெரிய ஆர்டர் ஓடும்போது மூன்றாம் நாளுக்கு மேல் லைன் தானாகவே ஓடும், சூப்பர்வைசர் டீ குடிக்கப் போனாலும் பீஸ் வரும், முப்பது பேருக்கு ஒருவர் தாராளம். ஸ்டைல் மாறுகிற அன்றைக்குப் பாருங்கள். ஓவர்லாக் மிஷினில் யார், ஃப்ளாட்லாக் மிஷினில் யார், எந்த ஆபரேஷனில் பீஸ் குவிகிறது, யாரை அங்கே மாற்றிப் போடுவது, நெக் ரிப் அளவு சரியா, ஊசி நம்பர் சரியா என்று இரண்டு பேர் ஓடினாலும் போதாது. அதோடு சனிக்கிழமை கூலி வாங்கிக்கொண்டு போனவர்களில் திங்கட்கிழமை எத்தனை பேர் வருவார்கள் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். அந்தத் திங்கட்கிழமைக் காலையில் லைனை நிமிர்த்துகிறவன் அசிஸ்டென்ட். அவனை எடுத்துவிட்டு ஏ.ஜி.எம்.மை வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகும், கப்பல் போகாது.

அதனால் விகிதத்தை விட்டுவிட்டு ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரத்துக்குக் கையெழுத்தைப் பின்தொடர்ந்து போங்கள். நூல் தீர்ந்துபோய் அவசரமாக வாங்க வேண்டும் என்றால் எத்தனை கையெழுத்து? ஒரு டெய்லருக்கு அட்வான்ஸ் ஐயாயிரம் என்றால் எத்தனை? ரீ-கட் போட வேண்டும் என்றால்? ஒவ்வொரு கையெழுத்துக்காரரிடமும் "நீங்க இதை எப்பவாவது வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருக்கீங்களா, ஏன்" என்று கேளுங்கள். ஒரு தரம் கூடத் திருப்பி அனுப்பாதவர் கையெழுத்து அந்தத் தாளில் எதற்கு? இதைச் செய்தால் பத்துப் பேர் யார் என்று நீங்கள் லிஸ்ட் போடவே தேவையில்லை, தாளே போட்டுக் கொடுக்கும்.

---

ஓவர்லாக்_ராணி:

பழைய பிஎம் ஐயா சொன்னதை அப்படியே ஒத்துக்கொள்கிறேன். டெய்லராகச் சேர்ந்து இப்போது லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன், வேறு கம்பெனி.

மேனேஜர் அதிகமானால் லைனில் என்ன நடக்கிறது என்று ஆபீஸில் இருப்பவர்களுக்குத் தெரியாது. போர்டில் மணிக்கு மணி புரொடக்‌ஷன் எழுதி வைக்கிறோம். பதினொரு மணிக்குப் பீஸ் குறைந்தால் ஃப்ளோர் இன்சார்ஜ் வந்து ஏன் குறைந்தது என்பார். சொல்வேன். பத்து நிமிஷத்தில் புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து அதையே கேட்பார். சொல்வேன். அப்புறம் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங், வேலை நேரத்தை அளக்கிற பிரிவு) டிபார்ட்மென்ட் தம்பி ஸ்டாப்வாட்சோடு வந்து நிற்பார். கடைசியாக ஜி.எம். போன் பண்ணுவார். நாலு பேருக்கும் ஒரே பதில், ஃப்ளாட்லாக் மிஷின் லூப்பர் போய்விட்டது, மெக்கானிக் மூன்றாவது லைனில் இருக்கிறார். இந்த நாலு பேரில் ஒருவர் கூட மெக்கானிக்கைக் கூப்பிட்டு வரவில்லை! நாலு மேனேஜருக்குப் பதில் இன்னொரு மெக்கானிக் இருந்தால் அந்த மணிக்குப் பீஸ் வந்திருக்கும்.

இன்னொன்று சார். டெய்லர்களில் முக்கால்வாசிப் பேர் பெண்கள், சூப்பர்வைசர் என்று வரும்போது எத்தனை பேர் பெண்கள் என்று உங்கள் லிஸ்டில் எண்ணிப் பாருங்கள். நன்றாகத் தைக்கிற, லைனே மதிக்கிற அக்காக்கள் இருப்பார்கள், அவர்களைக் கேட்காமல் வெளியிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்து சூப்பர்வைசராகப் போடுவார்கள், அவனுக்கு வேலை தெரியாது என்பதால் அவனுக்கு மேலே இன்னொருவரைப் போடுவார்கள். இப்படித்தான் ஒன்று இரண்டாகிறது. ஸ்டைல் மாறும் நாளில் மட்டும் ஒரு சீனியர் டெய்லருக்குக் கூடுதல் படி கொடுத்து லைனைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் நிறைய இடத்தில் போதும்.

---

கோப்பு_எண்:

நான் மாநில அரசு அலுவலகத்தில் இருக்கிறேன், எங்களைப் பற்றி எல்லோரும் என்ன சொல்வீர்கள் என்று தெரியும், பரவாயில்லை.

மேலே ஆள் சேருவது தனியார் அரசு வித்தியாசம் பார்க்காது. பார்க்கின்சன் என்று ஒரு வரலாற்றுப் பேராசிரியர், சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் 1955-இல் இதைக் கிண்டலாக எழுதினார், ஆனால் அவர் காட்டிய கணக்கு கிண்டல் இல்லை. பிரிட்டிஷ் கடற்படையில் 1914-இல் 62 பெரிய போர்க்கப்பல்கள், 1928-இல் 20. மாலுமிகளும் அதிகாரிகளும் 1,46,000-இலிருந்து ஒரு லட்சமாகக் குறைந்தார்கள். தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரிகள் மட்டும் 2,000-இலிருந்து 3,569 ஆகிவிட்டார்கள். கப்பல் குறையக் குறைய அதைப் பற்றி எழுத ஆள் கூடிக்கொண்டே போனது. வேலைப்பளு என்று சொல்லும் அதிகாரி தனக்குச் சமமாக ஒருவரைக் கேட்க மாட்டார், கீழே இரண்டு பேரைத்தான் கேட்பார் என்பது அவர் சொன்ன காரணம்.

ஆனால் உங்கள் கம்பெனியில் காரணம் அது இல்லை என்று நினைக்கிறேன். அந்த மூன்று மெர்ச்சண்டைசிங் மேனேஜர்கள் எப்படி மேனேஜர் ஆனார்கள் என்று யோசியுங்கள். நல்ல ஆள், பையர் அவரைக் கேட்கிறான், பக்கத்துக் கம்பெனி ஐயாயிரம் கூடக் கொடுத்துக் கூப்பிடுகிறது. உங்களிடம் மெர்ச்சண்டைசர் என்ற பதவிக்கு ஒரு சம்பள வரம்பு இருக்கும், அதற்கு மேல் கொடுக்க வேண்டுமென்றால் மேனேஜர் ஆக்கித்தான் கொடுக்க முடியும். ஆக்கிவிட்டீர்கள். இது ஒவ்வொரு வருடமும் நடந்தால் பத்து வருடத்தில் எல்லோரும் மேனேஜர். இப்போது பத்துப் பேரை எடுத்தாலும் இந்த வழி திறந்தே இருக்கும், திரும்ப நிரம்பும்.

எங்களிடம் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர் ஒருவர் பதவி உயர்வே இல்லாமல் ஒரே பதவியில் பத்து வருடம் இருந்தால் தேர்வுநிலை, இருபது வருடம் இருந்தால் சிறப்புநிலை. சம்பளம் ஏறும், நாற்காலி மாறாது, புதிதாக யாரும் அவருக்குக் கீழே வேண்டியதில்லை. மத்திய அரசில் 1999-இல் பன்னிரண்டு, இருபத்து நாலு வருடம் என்று தொடங்கி, 2008-க்குப் பிறகு பத்து, இருபது, முப்பது வருடம் என்று மாற்றினார்கள். எங்களைப் பார்த்துத் தனியார் கற்றுக்கொள்ள ஒன்றிரண்டு விஷயம் இருக்கிறது என்றால் இது அதில் ஒன்று. மெர்ச்சண்டைசருக்கும் டெய்லருக்கும் மெக்கானிக்குக்கும் பதவி மாறாமல் சம்பளம் ஏறுகிற படி ஒன்று போடுங்கள். உங்கள் முதலாளி வருடங்களைப் பார்க்க வேண்டாம், திறமையைப் பார்க்கட்டும், அது அவர் விருப்பம்.

---

லேபர்கோர்ட்_வாசல்:

எல்லோரும் யாரை எடுப்பது என்று பேசுகிறீர்கள், எடுத்த பிறகு வருகிற பேப்பரை நான் பேசுகிறேன்.

பின்னலூர் சார், மேனேஜர் என்று கார்டில் போட்டிருப்பதால் அவர் சட்டப்படி மேனேஜர் ஆகிவிட மாட்டார். 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே நிர்வாக வேலை பார்ப்பவரும், மாதம் 10,000-க்கு மேல் வாங்குகிற மேற்பார்வையாளரும்தான் தொழிலாளி என்ற வரையறைக்கு வெளியே. அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கிற தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் மேற்பார்வையாளருக்கான வரம்பு 18,000. பட்டம் என்ன என்று நீதிமன்றம் கேட்காது, முக்கியமாக என்ன வேலை பார்த்தார், யாருக்கு லீவு கொடுக்கும் அதிகாரம் இருந்தது, யார் மேல் நடவடிக்கை எடுக்க முடிந்தது என்று கேட்கும். கீழே ஒரு ஆளும் இல்லாமல் பையருக்கு மெயில் போட்டுக்கொண்டிருந்த மேனேஜர், நாளைக்கு நானும் தொழிலாளிதான் என்று வந்து நின்றால் அவர் பக்கம் வலுவாக இருக்கும். அப்படியானால் ஆட்குறைப்பு விதிகள் எல்லாம் வரும்: ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், அந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்கிற வரிசை.

இன்னொரு எண்ணையும் பாருங்கள், உங்கள் எட்டை விட இது முக்கியம். தொழிற்சாலையில் 300 தொழிலாளியோ அதற்கு மேலோ இருந்தால் ஆட்குறைப்புக்கு அரசிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். உங்களிடம் 275. பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைப்பீர்கள். பட்டம் மட்டும் உள்ளவர்கள் 44-இல் இருபத்தைந்து பேர் தொழிலாளி என்று எண்ணப்பட்டால் 300 ஆகிவிட்டது. மாநில விதிகள் இப்போது எந்த நிலையில் என்று உங்கள் லேபர் கன்சல்டன்டிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அப்புறம் லிஸ்ட் எழுதுங்கள்.

அப்புறம், சட்டம் கேட்கிற ஆட்களை விகிதத்தில் சேர்க்காதீர்கள். ஃபேக்டரி மேனேஜர் என்று ஒருவர் பெயரைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குக் கொடுத்தே ஆக வேண்டும், அது உங்கள் முதலாளி நினைத்தால் நீக்குகிற பதவி கிடையாது. பழைய தொழிற்சாலைகள் சட்டத்தில் 500 தொழிலாளிக்கு நல அலுவலர் என்று இருந்தது, அதன் இடத்தில் வந்த புதிய தொகுப்பில் 250. இதைப் பார்த்தால் உங்களுக்கு ஒருவர் கூடவே வேண்டும்.

---

ஓஎம்ஆர்_ஓரம்:

லேபர்கோர்ட் சார் சொன்ன 300 கணக்கு அருமை, இதை யாரும் யோசித்திருக்க மாட்டோம்.

கோப்பு எண் அவர்கள் சொன்ன சம்பளப் படி எங்கள் துறையில் இருக்கிறது, டெக்னிகல் பக்கமே மேலே போகலாம் என்று பேருக்கு வைத்திருப்பார்கள். நடைமுறையில் பத்து வருட அனுபவத்துக்கு மேல் கோடு எழுதிக்கொண்டிருந்தால் "இன்னும் டீம் ஹேண்டில் பண்ணலையா" என்று இன்டர்வியூவிலேயே கேட்கிறார்கள். பேருக்கு வைத்தால் வேலை செய்யாது, மேல்படியில் இருக்கும் மெர்ச்சண்டைசருக்கு ஒரு மேனேஜரை விட அதிகச் சம்பளம் நிஜமாகக் கிடைப்பதை மற்றவர்கள் பார்க்க வேண்டும்.

மேனேஜரே இல்லாமல் ஓடும் இடமும் இருக்கிறது என்று யாராவது உங்கள் முதலாளிக்கு அடுத்த கருத்தரங்கில் சொல்வார்கள், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தில் பியூர்ட்ஸோர்க் என்று வீட்டுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கும் நர்ஸுகள் அமைப்பு, 2006-இல் யோஸ் டி ப்ளோக் தொடங்கியது, ஆயிரக்கணக்கான நர்ஸுகள், பன்னிரண்டு பேருக்கு மிகாத குழுக்கள், குழுவுக்கு மேனேஜர் கிடையாது. நன்றாக ஓடுகிறது. ஆனால் அங்கே ஒவ்வொருவரும் படித்த நர்ஸ், நோயாளியின் வீட்டில் தனியாக நின்று தானே முடிவெடுக்கிற வேலை. முப்பது பேர் கை மாறி ஒரு டீ-ஷர்ட் வருகிற லைனுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

---

பின்னலூர்_எச்ஆர்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு எதிர்பார்க்கவில்லை.

பழைய பிஎம் சார் சொன்ன வட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். ஜி.எம்., ஏ.ஜி.எம்., ஃபேக்டரி மேனேஜர் மூன்று பேரும் ஒற்றைச் சங்கிலிதான், பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். நூல் வாங்கும் சீட்டில் ஐந்து கையெழுத்து. ராணி அவர்கள் கேட்டது: பன்னிரண்டு சூப்பர்வைசர், அசிஸ்டென்டில் பெண்கள் இரண்டு பேர். டெய்லர்களில் எத்தனை என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

லேபர் கன்சல்டன்டிடம் பேசினேன், 300 விஷயத்தைக் கேட்டதும் அவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். யாரையும் இப்போது வெளியே அனுப்ப வேண்டாம், போகிறவர்கள் இடத்தை நிரப்பாமல் விடலாம் என்பது அவர் கருத்து. ஏ.ஜி.எம். அடுத்த வருடம் ரிட்டயர் ஆகிறார்.

இப்போது சிக்கல் மெர்ச்சண்டைசிங் மூன்று பேர். சம்பளத்தைக் குறைக்கப் போவதில்லை, பட்டத்தை மட்டும் சீனியர் மெர்ச்சண்டைசர் என்று மாற்றலாமா என்று ஒருவரிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். "பொண்ணு வீட்டுல மேனேஜர்னு சொல்லியாச்சு சார்" என்கிறார். இன்னொருவர், கார்டில் மேனேஜர் என்று இல்லாவிட்டால் பையர் போனையே எடுக்க மாட்டான் என்கிறார். என்ன செய்வது?

---

பழைய_பிஎம்:

கார்டில் மேனேஜர் என்றே இருக்கட்டும் தம்பி, அட்டைக்கு என்ன செலவு. உள்ளே அவருக்குக் கையெழுத்து அதிகாரம் எவ்வளவு, யார் அவருக்கு ரிப்போர்ட் பண்ணுகிறார்கள் என்பதை மட்டும் எழுத்தில் தெளிவாக வையுங்கள். அவருக்குத் தனியாக அசிஸ்டென்ட் கொடுக்காதீர்கள், அது முக்கியம். அசிஸ்டென்ட் கொடுத்த மறுமாதம் அந்த அசிஸ்டென்டுக்கு ஒரு ஜூனியர் கேட்பார்.

நூல் சீட்டை முதலில் ஐந்திலிருந்து இரண்டாக்குங்கள். யாரையும் எடுக்காமலே முதலாளிக்குக் காட்ட ஒன்று கிடைக்கும், தீபாவளிக்கு முன்னாலேயே.

---

லேபர்கோர்ட்_வாசல்:

கார்டில் என்ன வேண்டுமானாலும் போடுங்கள், வேலை நியமன உத்தரவில் உண்மையான வேலையை எழுதுங்கள். சம்பளமோ படியோ குறைகிற மாதிரி எதையாவது மாற்றினால் அது வேலை நிபந்தனை மாற்றம், 21 நாள் நோட்டீஸ் வேண்டும். கூட்டினால் யாரும் கேட்க மாட்டார்கள்.

---

சும்மா_வந்தேன்:

அந்த மச்சானுக்கும் மகனுக்கும் கீழே எத்தனை பேர் என்று கடைசி வரை சொல்லவில்லையே.

---

பின்னலூர்_எச்ஆர்:

மகனுக்குக் கீழே மச்சான். வட்டம் போட்டாச்சு, பேப்பரை மட்டும் முதலாளியிடம் காட்டவில்லை.